செலண்டார் பிள்ளைகள் தண்ணீர் ஏற்றிய கதை

மலாக்கா பேருந்து நிலையத்தில் இறங்கி நின்ற என்னிடம் யாரும் "பயணம் எப்படி?" என்று கேட்கவில்லை. "பசியாறிட்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்டார் தனலெட்சுமி டீச்சர்.

"ஆச்சுங்க."

"என்ன பசியாறினீங்க?"

"பஸ்ஸுல பிஸ்கட்டுங்க."

"அது பசியாறுறது இல்லண்ணே, பசிய ஏமாத்துறது. ஏறுங்க காடியில."

காடி என்றால் கார். மோட்டர் என்றால் பைக். இது தெரியாமல், "எங்க தம்பி தினமும் மோட்டர்லதான் வேலைக்குப் போறான்" என்று அவர் சொன்னதும் எனக்கு ஒரு கணம், கிணற்று மோட்டாரின் மேல் ஒரு மனிதர் கால் போட்டு உட்கார்ந்து சாலையில் போவது கண்ணில் வந்தது. தொழில் அப்படி. கோயமுத்தூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். விடுமுறை நாளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் பட்டறையில் சேர்த்து வைத்துக்கொண்டு எதையாவது கழற்றவும் மாட்டவும் விடுவேன். அப்படி ஒருநாள் கயிற்றுப் பம்பு செய்ததை யாரோ படம் பிடித்து வலையில் போட, அது கடல் தாண்டிப் போய் டீச்சரின் கைபேசியில் விழுந்து, "எங்க பிள்ளைங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்ற அழைப்பாகத் திரும்பி வந்தது. வந்துவிட்டேன்.

முதல் வேலையாக ஒரு தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில் என்னை உட்கார வைத்தார். ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசிய வீச்சில் அது ஒருமுறை மின்விசிறியை விசாரித்துவிட்டு வந்தது. நம் ஊர்ப் பரோட்டாவின் தங்கச்சி மாதிரி இருக்கிறது ரொட்டி சானாய். அதே சாடை, இன்னும் மெல்லிசு. கடைக்காரர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார்.

"கோயமுத்தூருங்க."

"அதான் வாக்கியத்துக்கு வாக்கியம் மரியாதை வருது. நாங்க ராமநாதபுரம் பக்கம். தாத்தா காலத்துல வந்தது. டேய், சாருக்குக் குழம்புல காரம் கம்மி!"

காரத்துக்கும் கோயமுத்தூருக்கும் என்ன பகை என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் குழம்பு வந்துவிட்டது. கம்மியான காரமே கண்ணில் தண்ணீரை வரவைத்தது. நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே டீச்சர் விஷயத்துக்கு வந்தார். செலண்டார் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி அவருடையது. அங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் பொறியியல் பட்டறை நடத்துகிறார். ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், மரத்துண்டு, பழைய சைக்கிள் என்று ஒரு அலமாரி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார். ஆனால் பெற்றோரில் பலருக்குச் சனிக்கிழமை கணக்கு டியூஷன்தான் வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பட்டறையா டியூஷனா என்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள்.

"தலைவர் கண்ணையா அண்ணன் செம்பனை லோரி ஓட்டுறவரு. நல்ல மனுஷன். அவரு சொல்லிட்டாரு. 'பிள்ளைங்க செஞ்சது எங்க கண்ணு முன்னால வேலை செஞ்சா நான் கையத் தூக்குறேன் டீச்சர். இல்லன்னா கணக்குதான்'னு. அதாண்ணே உங்களக் கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை தண்ணி மேல ஏறணும். ஏறலன்னா நம்ம பட்டறை எறங்கிடும் லா."

"உங்களுக்கு ஏனுங்க இதுல இத்தனை பிடிவாதம்?"

அவர் தே தாரிக் என்கிற நுரை டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். "வேலைக்குச் சேர்ந்த புதுசுல நடுரோட்டுல காடி நின்னு போச்சு. வெயில்ல நின்னேன், அப்படி நின்னேன். கடைசியில ஒருத்தன் வந்து பேட்டரியில ஒரு நட்ட வெறும் விரலால முறுக்கிட்டு, 'போங்க மேடம்'னு சிரிச்சுட்டுப் போனான். காலேஜ் வரைக்கும் படிச்சேன், ஒரு நட்டத் தொட்டதில்ல. அன்னைக்கு வந்த கோவத்துல தொடங்கினதுண்ணே இது."

கோபத்தில் ஆரம்பித்த நல்ல காரியங்கள் நீண்ட நாள் ஓடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு. என் பட்டறையும் அப்படி ஆரம்பித்ததுதான். எழுந்து கை கழுவினேன்.

அன்று பிற்பகல் சாமான் வாங்கப் போனோம். கடைக்காரர் காதர் பாய், உயரமான நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுக் கடையையும் கண்ணால் ஓட்டுகிறவர். நீளமான பிவிசி குழாயைக் கேட்டதும், "எதுக்கு இவ்ளோ நீட்டு?" என்றார்.

"தண்ணி ஏத்த, பாய்" என்றார் டீச்சர்.

"கெணறா?"

"பள்ளிக்கூடம்."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை மேல ஏத்துனாப் பத்தாதா, தண்ணிய வேற ஏத்தணுமா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்து, அவரே இறங்கி வந்து, குழாயைக் காரின் மேல் கட்டியும் கொடுத்தார். முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. பின்முனையில் டீச்சர் தன் சிவப்புத் துப்பட்டாவைக் கட்டினார்.

டீச்சரின் வீடு கிளேபாங் பக்கம். கடலோரச் சாலையில் தேங்காய் ஷேக் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. இளநீர், வழுக்கை, ஐஸ், மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். தேங்காயை இத்தனை செல்லமாக வளர்க்கிற ஊரை நான் பார்த்ததில்லை. பொள்ளாச்சிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற மலாய்க்கார அம்மா ஒருவர், காரின் மேலிருந்த குழாயைப் பார்த்து டீச்சரிடம் ஏதோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டீச்சர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இவ்ளோ பெரிய ஸ்ட்ரா கொண்டு வந்திருக்கீங்களே, கடையில தேங்காய் மிச்சம் வைப்பீங்களா?"

வெள்ளிக்கிழமை சுங்கை ஊடாங். அங்கே டீச்சரின் தோழி ஒருவர் வேலை பார்க்கிற பள்ளியில் ஒரு பிற்பகல் பட்டறை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கிற ஊர். பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பாக்கள் அங்கே குழாய் வேலை, வெல்டிங் வேலை, சாரம் கட்டுகிற வேலை.

நான் வழக்கம்போல மேசைமேல் சாமானைக் கொட்டி, "வாங்க கண்ணுங்களா, ஆளுக்கு ஒண்ணு எடுங்க" என்றேன். ஒரு பிள்ளையும் கை நீட்டவில்லை. குண்டுக் கன்னம் வைத்த ஒரு பையன் மட்டும் கேட்டான்: "சார், டூல்பாக்ஸ் டாக் இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. டீச்சர் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஆலையில் யாரும் வேலையில் கை வைப்பதற்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று, இன்று எது தவறிப்போகலாம், எதில் அடிபடலாம் என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டுமாம். சொல்லி முடித்தால்தான் கருவியைத் தொடலாம். அப்பாக்கள் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார்கள். பல்பு மாற்றக்கூட வட்டமாக நிற்கிற குடும்பங்கள் உண்டு என்றார்.

சரி என்று நின்றோம். ஒருத்தி "கத்தரி கையக் கிழிக்கும்" என்றாள். இன்னொருத்தன் "தரையில தண்ணி சிந்தினா வழுக்கும்" என்றான். குண்டுக் கன்னத்தான் முறை வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"சார் அவசரப்படுவாரு."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவி இத்தனை வருடமாகச் சொல்வதை அவன் ஒரு பார்வையில் சொல்லிவிட்டான். எங்கள் பட்டறையில் வழக்கம் வேறு. முதலில் கழற்று, அப்புறம் யோசி. விரல் நகம் போனவர்கள் எங்கள் தெருவில் அதிகம். நான் இந்த வட்டத்தை அப்படியே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு செலண்டாருக்குக் கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை. கிளேபாங்கிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பியதும் கடல்காற்று நின்று, இரண்டு பக்கமும் செம்பனையும் ரப்பர் எடுக்கிற பால்மரமும் வரிசை கட்டி வந்தன. எங்களுக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று, கோயில் தேர் மாதிரி ஆடி ஆடிப் போனது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் அவிநாசி சாலையாக இருந்தால் இந்நேரம் அந்த லோரிக்காரரின் வம்சமே திட்டு வாங்கியிருக்கும்.

திடீரென்று பின்னாலிருந்து ஒரு மோட்டர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு துரத்தியது. டீச்சர் பயந்துபோய் ஓரம் கட்டினார். மலாய்க்கார இளைஞன் ஒருவன் இறங்கி வந்து, கழுத்தில் சுற்றியிருந்த சிவப்புத் துப்பட்டாவைக் கழற்றி நீட்டினான். ரொம்ப தூரத்துக்கு முன்பே பறந்து விழுந்ததாம். "அக்கா, உங்க கொடி விழுந்துருச்சு" என்று சொன்னதாக டீச்சர் சொன்னார். எங்கள் ஊரிலும் அதை யாரோ எடுத்திருப்பார்கள். அடுத்த சிக்னலில் அவர் வண்டி பளபளவென்று துடைக்கப்பட்டிருக்கும்.

பள்ளி அழகாக இருந்தது. பின்பக்கம் ஒரு மண்மேடு. மேட்டின் மேல் பிள்ளைகள் போட்ட காய்கறிப் பாத்தி, கீழே கூரைத் தண்ணீர் விழுகிற நீலப் பீப்பாய். கீழே இருக்கிற தண்ணீரை மேலே கொண்டுபோக வேண்டும். அதுதான் வேலை.

கயிற்றுப் பம்பு ரொம்ப எளிது. கயிற்றில் சாண் இடைவெளியில் ரப்பர் வட்டுகளைக் கோத்து முடிச்சுப் போட வேண்டும். அந்தக் கயிறு பீப்பாய்க்குள் மூழ்கி, குழாய் வழியாக மேலே வந்து, ஒரு சக்கரத்தைச் சுற்றி, வெளியே கீழே இறங்கி, மறுபடி பீப்பாய்க்குள் போகும். சக்கரத்தைச் சுற்றினால் ஒவ்வொரு வட்டும் தன் தலைமேல் கொஞ்சம் தண்ணீரைச் சுமந்துகொண்டு மேலே வரும். சக்கரத்துக்கு ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக மேட்டில் கட்டினோம். டயரைக் கழற்றிவிட்டு, கயிறு வழுக்காமல் இருக்க வெறும் ரிம்மில் பழைய டியூப் பட்டையைச் சுற்றினோம். பெடலைக் கையால் சுற்றினால் சக்கரம் ஓடும்.

முதலில் வட்டமாக நின்று ஆபத்துகளைச் சொல்லச் சொன்னேன். செலண்டார் பிள்ளைகளுக்கு அது புதுசில்லை. "எங்கப்பா சுங்கை ஊடாங்லதான் சார் வேலை, நான் நடத்துறேன்" என்று முன்னால் வந்தாள் தர்ஷினி என்கிற ஐந்தாம் வகுப்புப் பெண். இரட்டைச் சடை, அதில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே இருக்கும்.

வட்டுகளைப் பிள்ளைகள் குழாய்க்குள் இறுக்கமாகப் பொருந்தும்படி வெட்டினார்கள். எல்லோரும் முதலில் அப்படித்தான் வெட்டுவார்கள். தண்ணீர் ஒழுகக் கூடாதே! கயிறு பாதியில் சிக்கி நின்றது. மூன்று பேர் பெடலில் தொங்கியும் அசையவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எத்தனை கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துத் தர்ஷினி ஒரு வட்டை ஓரமெல்லாம் நறுக்கிக் குழாயின் வாயில் போட்டாள். அது தானாக வழுக்கி மறுபக்கம் விழுந்தது.

"சும்மா போட்டா விழணும் சார்! விழுந்தாத்தான் ஓடும்!"

"அப்ப ஓரத்துல தண்ணி ஒழுகுமே?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

"ஒழுகட்டும். வேகமாச் சுத்துவோம். ஒழுகுறதுக்குள்ள மேல வந்துடும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகக் கடல் தாண்டி வரலாம். மத்தியானம் போல, குழாயின் வாயிலிருந்து முதல் தண்ணீர் பாத்தியில் விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் கேண்டீன் அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் தூசி எதுவும் இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மாலையில் தர்ஷினியை அழைத்துப்போக அவள் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா சேகர், ஆலையில் குழாய் இணைக்கிற ஒப்பந்த வேலைக்காரர். பம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"சார்... லீக் ஆகுதே."

"ஆமாங்க, ஆகட்டுங்க. அது அப்படித்தானுங்க."

"இல்ல சார், சொட்டுதே. எங்க இடத்துல ஒரு சொட்டு வெளிய வந்தா சைரன் அடிக்கும்." அவர் கை தானாகவே பாக்கெட்டுக்குப் போய் ஒரு துணியை எடுத்துக் குழாயைத் துடைத்தது.

அம்மா சரோஜா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவர் பம்பைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. அதோ பைப்பு இருக்கு, தொறந்தா தண்ணி வருது. எதுக்கு இதெல்லாம்? நானும் இவரும் ஸ்க்ரூ முடுக்கித்தான் சோறு திங்கிறோம். இவளும் அதையே படிக்கணுமா? கணக்குல போன தடவை வாங்கின மார்க்க நீங்களே பாத்தீங்க."

டீச்சர் ஸ்பேனர்களைப் பொறுக்கி அலமாரியில் அடுக்கத் தொடங்கினார். அந்த அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே. கூட்டத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்று காரில் டீச்சர் சொன்னார். "சரோஜாக்கா கையத் தூக்கலன்னா அந்த வரிசையில யாரும் தூக்க மாட்டாங்கண்ணே."

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்குப் போனபோது எங்களுக்கு முன்பே அப்பாக்கள் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் கோத்தோங் ரோயோங். அதாவது ஊரே சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்வது. இந்த நாட்டில் எல்லா இனத்தாருக்கும் இது பழக்கம். புல் வெட்டியாகிவிட்டது, சாக்கடை வாரியாகிவிட்டது, குப்பை கறுப்புப் பைகளில் கட்டி வாசலில் வரிசையாக நிற்கிறது. அம்மாக்கள் மீகூன் கிளறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு தட்டு கையில் திணிக்கப்பட்டது. நம் சேமியாவுக்கும் இடியாப்பத்துக்கும் பிறந்து, சீனர் வீட்டில் வளர்ந்த பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

பம்பைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். பளபளவென்று இருந்தது. சைக்கிளைத் தாங்கும் மரக்கட்டைகள் நேராக்கப்பட்டு, ரிம்முக்கு வெள்ளிப் பூச்சு பூசியிருந்தார்கள். யாரோ ஒரு பூமாலைகூடப் போட்டிருந்தார்கள். "அப்பாமாருங்க எல்லாம் சேர்ந்து கொஞ்சம் அழகு பண்ணோம் சார்" என்று சேகர் வெட்கத்தோடு சொன்னார்.

பெற்றோர் எல்லோரும் மேட்டைச் சுற்றிக் கூடினார்கள். தலைவர் கண்ணையா வேட்டி சட்டையில் வந்து, "டீச்சர், பேச்செல்லாம் பெறகு. மொதல்ல தண்ணி" என்று பெடலைப் பிடித்தார். சுற்றினார்.

சக்கரம் ஜோராகச் சுற்றியது. மாலையிலிருந்து பூ பறந்தது. கயிறு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினார். சக்கரம் பாடியது. குழாயிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை.

"லோரியில நியூட்ரல்ல ஆக்சிலேட்டர் மிதிச்ச மாதிரி இருக்கு" என்றார் கண்ணையா, மூச்சு வாங்க. சிலர் சிரித்தார்கள். சரோஜா சிரிக்கவில்லை, கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

சேகர் ஸ்பேனரோடு பாய்ந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு அப்பாக்கள். நானும்தான், என் கால் என்னைக் கேட்காமல் முன்னால் போய்விட்டது. டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணே. நில்லுங்க."

அதற்குள் தர்ஷினி எங்களுக்கும் பம்புக்கும் நடுவில் வந்து, செருப்புக் குதிகாலால் மண்ணில் நீளமாக ஒரு கோடு கிழித்தாள்.

"வேலை நடக்குது. யாரும் கோட்டத் தாண்டக் கூடாது. அப்பா, நீங்களும்தான்."

"இல்லடா, ஒரு நிமிஷம், அப்பா சட்டுனு..."

"டூல்பாக்ஸ் டாக் இல்லாம கை வைக்கலாமாப்பா?"

சேகர் நின்றுவிட்டார். தினமும் அவரை நிறுத்துகிற விதி அது. ஸ்பேனர் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்றார்.

பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். "என்ன தப்பாப் போயிருக்கலாம்? ஒவ்வொருத்தரா" என்றாள் தர்ஷினி.

"மேடு ஈரமா இருக்கு, வழுக்கும்."

"ரிம்மு வழவழன்னு இருக்கு, நம்ம டியூப்பக் காணோம்."

"வட்டு நம்ம வட்டு இல்ல. புதுசா இருக்கு."

கடைசியாக ஒரு சின்னப் பையன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அப்பாமாருங்க."

அம்மாக்கள் பக்கம் எழுந்த சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு அக்கா, "சரியாச் சொன்னடா ராசா, எங்க வீட்லயும் அதான்" என்று கத்தினார்.

நடந்தது இதுதான். ஒழுகுகிற பம்பைப் பார்த்ததிலிருந்து சேகருக்கு மனசு கேட்கவில்லை. விடிந்ததும் வந்து, பிள்ளைகள் கத்தரியால் வெட்டிய கோணல் வட்டுகளைக் கழற்றிவிட்டு, தன்னிடமிருந்த நல்ல ரப்பரில் குழாயின் அளவுக்கே கச்சிதமாகப் புது வட்டுகள் வெட்டிப் போட்டிருக்கிறார். ஒரு சொட்டு ஒழுகாது. ஒரு அங்குலம் நகரவும் நகராது. மற்ற அப்பாக்கள், ரிம்மில் என்ன இது கந்தல் என்று டியூப் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு வெள்ளி பூசிவிட்டார்கள். பிள்ளைகள் மேல் இருந்த பிரியத்தில் அவர்கள் பம்பை நன்றாகக் கொன்றிருந்தார்கள்.

பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு கூட்டம் வாசலுக்கு ஓடி, அப்பாக்கள் கட்டி வைத்த குப்பைப் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டியது. சுத்தம் செய்த முற்றம் மறுபடி குப்பையானது. ஒருவர்கூடத் திட்டவில்லை. கடைசிப் பையில் டியூப் பட்டை கிடைத்தது. இன்னொரு கூட்டம் கயிற்றை வெளியே இழுத்து, தர்ஷினி தலைமையில் வட்டுகளின் ஓரத்தை நறுக்கத் தொடங்கியது. மிச்சமிருந்த ஒரு குழாய்த் துண்டில், நறுக்கிய ஒவ்வொரு வட்டையும் கயிற்றோடு இறக்கிப் பார்த்தார்கள். தானாக இறங்கியது தேறியது. இறங்காதது மறுபடி கத்தரிக்குப் போனது.

கோட்டுக்கு வெளியே நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். கண்ணையா தலைவரின் கை காற்றில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தது. சேகர், "இன்னும் கொஞ்சம்... அந்தப் பக்கம்... ஐயோ" என்று முனகினார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் சும்மா நிற்பது எத்தனை கடுமையான உழைப்பு என்று அன்று தெரிந்தது.

சரோஜா மெல்ல முன்னால் வந்து, கோட்டின் ஓரத்தில் குனிந்து மகளிடம் கேட்டார். "தர்ஷினி, சும்மா விழணும்னு யாரு சொன்னது? சாரா?"

"இல்லம்மா. சார் வாயே தொறக்கல. நாங்களே போட்டுப் பாத்தோம்."

"மொதல்ல இறுக்கமாத்தான் வெட்டினீங்களா?"

"ஆமா. அப்பா செஞ்ச மாதிரியே."

சரோஜா நிமிர்ந்து கணவரைப் பார்த்தார். சேகர் வானத்தைப் பார்த்தார்.

கயிறு திரும்ப ஏறியது. தர்ஷினி பெடலைப் பிடித்தாள். சக்கரம் சுற்றியது, கயிறும் கூடவே சுற்றியது. குழாய்க்குள் லொட லொடவென்று வட்டுகள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. முதலில் காற்று வந்தது. பிறகு எச்சில் மாதிரி ஒரு துளி. அதற்குப் பிறகு கொட்டியது பாருங்கள், பாத்தியில் நின்ற கத்தரிச் செடி ஒன்று படுத்துவிட்டது.

கூட்டம் என்பது யாருக்கும் நினைவில்லை. அப்பாக்கள் எல்லாம் பெடல் சுற்ற வரிசையில் நின்றார்கள், வரிசையில் முதல் ஆள் தலைவர். டீச்சர் அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, ஓட்டெடுப்பு!"

"எந்தக் கையத் தூக்கச் சொல்றீங்க டீச்சர்? ரெண்டும் இங்க இருக்கு" என்றார் அவர், சுற்றிக்கொண்டே.

எல்லோரும் சரோஜாவைத்தான் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

"கணக்கு வேணாம்னு நான் ஒத்துக்க மாட்டேன். சனிக்கிழமை பதினோரு மணிக்கு இத முடிச்சுட்டுக் கணக்குல உக்காரணும்."

"பன்னண்டும்மா" என்றாள் தர்ஷினி, முழங்கை வரை சேறாக.

"பதினொண்ணேகால்."

"வெட்டவே அவ்ளோ நேரம் ஆகும்மா. பதினொண்ணே முக்கா."

"பதினொண்ணரை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. கை கழுவுற நேரமும் அதுலயே."

"ஓகே லா."

"மீன் பாசார் ஏலம் முடிஞ்சுச்சா? கையத் தூக்கலாமா?" என்றார் தலைவர், ஒருவழியாகப் பெடலை விட்டு.

சரோஜாவின் கைதான் முதலில் உயர்ந்தது. அவர் வரிசை முழுதும் தொடர்ந்தது. கண்ணையா, வேட்டியில் துடைத்த கையை எல்லோருக்கும் மேலாகத் தூக்கினார். தனலெட்சுமி டீச்சர் எண்ணவில்லை. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதிர்ப்பு யாராச்சும் உண்டா?" என்று முறைக்குக் கேட்டார் தலைவர்.

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. சேகருடையது. மனைவி திரும்பி முறைத்தார்.

"எதிர்ப்பு இல்லண்ணே. அப்பாமாரும் சனிக்கிழமை வரலாமான்னு கேக்கத்தான்."

"கூடாது!" என்றார்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில்.

சேகரின் கை மெல்ல இறங்கியது. அந்த முகத்தைப் பார்த்துத் தர்ஷினிக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டி வட்டமாக நின்று ஏதோ குசுகுசுவென்று பேசினாள். பிறகு வந்து முடிவைச் சொன்னாள்.

"வரலாம்ப்பா. கோட்டுக்கு வெளிய நிக்கணும்."